பொன்னின் கட்சியும் கடனாளிகளின் கட்சியும்

அமெரிக்கக் கட்சிகளின் வரலாறு: ஒன்பதாம் பகுதி

உள்நாட்டுப் போர் முடிந்த 1865ஆம் ஆண்டிலிருந்து ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம், அமெரிக்காவில் ஒருவருடைய சொத்தின் அளவை மட்டும் தெரிந்துகொண்டு அவர் எந்தக் கட்சிக்கு வாக்களிப்பார் என்று கூறிவிட இயலாது. அவர் பிறந்த மாநிலம் எது, அவருடைய தந்தை போரில் எந்தப் படையில் நின்றார், குடும்பம் எந்தத் தேவாலயத்தில் தொழுகிறது என்ற மூன்றும் தெரிந்தால் பெரும்பாலும் கூறிவிடலாம். ஒகையோவிலும் அயோவாவிலும் உழுது பிழைத்த புரொட்டஸ்டன்ட் விவசாயி, ஒன்றியத்தைக் காத்த லிங்கனின் கட்சி என்பதற்காகவே குடியரசுக் கட்சிக்கு வாக்களித்தார். அதே கட்சிக்கே பிட்ஸ்பர்க் நகரின் எஃகு ஆலை முதலாளியும், தெற்கில் புதிதாக வாக்குரிமை பெற்றிருந்த கறுப்பின வாரக்குடியும் வாக்களித்தனர். ஜனநாயகக் கட்சியின் நிலையும் இதுவே. தெற்கின் நிலக்கிழார், அவருடைய நிலத்துக்கு அருகே கடனில் வாழ்ந்த ஏழை வெள்ளையர், நியூயார்க் துறைமுகத்தில் சுமை தூக்கிய ஐரிஷ் கத்தோலிக்கர், அதே நகரின் வால் ஸ்ட்ரீட்டில் வட்டிக் கணக்குப் பார்த்த வங்கியாளர் ஆகிய நால்வரும் அதில் ஒருங்கே இருந்தனர். அக்கட்சியின் தேசியக் குழுவுக்கு 1860 முதல் 1872 வரை தலைமை தாங்கிய ஆகஸ்ட் பெல்மான்ட், ஐரோப்பாவின் ராத்ஸ்சைல்ட் வங்கிக் குடும்பத்துக்கு அமெரிக்காவில் முகவராக இருந்தவர் என்பதை நினைவிற்கொண்டால், எளிய மக்களின் கட்சி என்று அது தன்னைச் சொல்லிக்கொண்டதை எந்த அளவுக்கு ஏற்பது என்பது விளங்கும்.

இவ்விரு கட்சிகளும் சுங்க வரியைப் பற்றி ஓயாமல் வாதிட்டன. வெளிநாட்டுச் சரக்கின் மீது கனத்த வரி விதித்து உள்நாட்டு ஆலைகளைக் காக்கும் காப்பு வரி வேண்டும் என்றது குடியரசுக் கட்சி. அவ்வரி விலையை ஏற்றி நுகர்வோரைத் தண்டிக்கிறது என்றது ஜனநாயகக் கட்சி. ஆனால் பணம் எதனால் ஆக்கப்பட வேண்டும், நாட்டில் எவ்வளவு பணம் புழங்க வேண்டும், கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் நடுவே அரசு எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்விகளில் இரண்டின் தலைமையும் பெரும்பாலும் ஒரே மனத்துடன் இருந்தன. 1896ஆம் ஆண்டுத் தேர்தல் அந்த உடன்பாட்டை உடைத்தது. செல்வம் ஒரு பக்கமும் செல்வமின்மை மறுபக்கமுமாக நாடு பிரிந்துவிடும் என்று பலர் அஞ்சினர், பலர் நம்பினர். செல்வம் ஒரு பக்கம் திரண்டது உண்மை; மறுபக்கம் ஏன் திரளவில்லை என்பதே இப்பகுதியின் பொருள்.

இதனைப் புரிந்துகொள்ளப் பணத்தின் வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டும். போர்ச் செலவுக்காக லிங்கனின் அரசு 1862இல் பொன்னோ வெள்ளியோ பின்னணியாக இல்லாத தாள் பணத்தை வெளியிட்டது. பின்புறம் பச்சை மையில் அச்சிடப்பட்டிருந்ததால் மக்கள் அதனைப் பச்சைத்தாள் என்று அழைத்தனர். பணம் பெருகியதால் விலைகள் ஏறின, விவசாயிகள் அந்த விலைகளை நம்பிக் கடன் வாங்கி மேற்கில் நிலம் வாங்கினர். போர் முடிந்தபின் காற்று திசை மாறியது. 1873ஆம் ஆண்டு நாணயச் சட்டம், வழக்கமான வெள்ளி டாலரை அச்சடிக்கும் நாணயங்களின் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. 1879 முதல் பச்சைத்தாளைக் கொடுத்தவருக்கு அதன் முழு மதிப்புக்கும் பொன் தரப்பட்டது. பணத்தின் மதிப்பைக் குறிப்பிட்ட எடைப் பொன்னோடு பிணைக்கும் இம்முறையே தங்கத் திட்டம் எனப்படும். மக்கள்தொகையும் விளைச்சலும் ஆலை உற்பத்தியும் ஆண்டுதோறும் பெருகிக்கொண்டிருந்த நாட்டில், பொன் மட்டும் அதே வேகத்தில் பெருகவில்லை. சரக்கு மிகுந்து பணம் அரிதானதால் விலைகள் ஆண்டுக்கு ஆண்டு இறங்கின. பொருளியலார் இதனைப் பணவாட்டம் என்பர்.

பணவாட்டம் கடனாளியை எப்படி நசுக்கும் என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். 1881இல் ஒரு புஷல் கோதுமை, அதாவது ஏறத்தாழ 27 கிலோ, ஒரு டாலருக்கு மேல் விலைபோயிற்று. 1894இல் அதே புஷல் ஏறத்தாழ அரை டாலருக்கு வந்துவிட்டது. முதலாவது ஆண்டில் ஆயிரம் டாலர் கடன் வாங்கிய கான்சஸ் விவசாயி ஆயிரம் புஷலுக்கும் குறைவான கோதுமையின் விலையையே கடனாகப் பெற்றார். பதின்மூன்று ஆண்டுகளுக்குப்பின் அந்த முதலைத் தீர்க்க இரண்டாயிரம் புஷல் அவரிடம் கேட்கப்பட்டது. பத்திரத்தில் எழுதிய எண் மாறவில்லை, ஆனால் அந்த எண்ணுக்காகச் சிந்த வேண்டிய வியர்வை இரட்டிப்பாயிற்று. அவர் சோம்பி இருந்தாரில்லை. முன்னைவிட அதிகமாகவே உழுதார், அதிகமாகவே அறுத்தார். ஒவ்வொரு விவசாயியும் அப்படியே செய்ததால் சந்தையில் கோதுமை மேலும் குவிந்து விலை மேலும் இறங்கியது. பொன்னைக் கையில் வைத்திருந்தவருக்கோ, அப்பொன் கிடந்த இடத்திலேயே ஆண்டுதோறும் மதிப்பேறியது. நாணயச் சட்டம் என்பது வல்லுநர்கள் மட்டும் பேசித் தீர்க்கும் நுணுக்கம் அன்று, ஒருவர் உழைப்பின் பலனை இன்னொருவர் பெட்டிக்கு மாற்றும் வாய்க்கால் என்று அம்மக்கள் உணர்ந்ததில் பிழையில்லை.

தெற்கின் துன்பம் இதனினும் ஆழமானது. அங்கே வங்கிகள் அரிது. விதை, எரு, உப்பு, மாவு, துணி அனைத்தையும் ஊர் வணிகரிடம் கடனாக வாங்கி, இன்னும் முளைக்காத பருத்தியை அதற்கு ஈடாக எழுதிக்கொடுப்பது வழக்கமாயிற்று. விளைச்சல் அடமானம் எனப்பட்ட இம்முறையில் கடன் விலை ரொக்க விலையைவிட மிக அதிகம். கணக்குப் புத்தகம் வணிகரிடம் இருக்கும். கடன் தீரும்வரை வேறு கடைக்குச் செல்ல முடியாது. உணவுப் பயிர் விதைக்க நினைத்தாலும், பருத்தியே பணமாகும் என்று வணிகர் ஒப்பமாட்டார். 1870களின் தொடக்கத்தில் ராத்தலுக்குப் பத்து சென்ட்டுக்கு மேல் விற்ற பருத்தி, 1894இல் ஐந்து சென்ட் அளவுக்கு இறங்கியது. சொந்த நிலம் வைத்திருந்த வெள்ளை விவசாயிகளில் பெருந்தொகையினர் இவ்விதம் நிலத்தை இழந்து வாரத்துக்கு உழுபவராயினர். முன்பு அடிமைகளாயிருந்த கறுப்பின மக்களோ பெரும்பாலும் அந்நிலையிலிருந்து வெளியேறவே வழியின்றி இருந்தனர்.

1870களின் இறுதியில் டெக்சாஸ் மாநிலத்தின் லாம்பாசஸ் வட்டாரத்தில் தோன்றிய உழவர் கூட்டணி, பத்தாண்டுகளில் தெற்கெங்கும் சமவெளி மாநிலங்கள் எங்கும் பரவியது. விளைச்சலைச் சேர்ந்து விற்பதும் தேவைகளைச் சேர்ந்து வாங்குவதும் அதன் முதல் வேலை. வங்கிகளும் மொத்த வணிகர்களும் ஒத்துழைக்க மறுத்தபோது, அரசின் கையில்தான் இதற்குத் தீர்வு உள்ளது என்ற முடிவுக்கு அவ்வியக்கம் வந்தது. கறுப்பின விவசாயிகளுக்கென 1886இல் டெக்சாஸிலேயே தனிக் கூட்டணி ஒன்று உருவானது. இரு கூட்டணிகளும் ஒன்றாகாமல் தனித்தனியே நின்றதை இங்கே குறித்துக்கொள்வது நல்லது, ஏனெனில் பின்னால் நேர்ந்தவற்றின் வித்து அங்கேயே இருந்தது. 1892 சூலை 4 அன்று நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாகா நகரில் கூடிய மாநாடு மக்கள் கட்சி என்ற மூன்றாவது கட்சிக்கு வேட்பாளரையும் கொள்கை அறிக்கையையும் தந்தது. வருமானம் உயர உயர விகிதமும் உயரும் வருமான வரி, இருப்புப்பாதைகளும் தந்தியும் அரசுடைமை, ஏழைகளின் சேமிப்பைக் காக்க அஞ்சலக வங்கி, செனட் சபை உறுப்பினர்களை மாநிலச் சட்டமன்றங்களுக்குப் பதிலாக மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தல், வெள்ளியைத் தடையின்றி நாணயமாக்குதல் ஆகியவற்றை அது கோரியது. அவ்வாண்டுத் தேர்தலில் அதன் வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் பத்து லட்சத்துக்கு மேல் வாக்குகளும் நான்கு மாநிலங்களும் பெற்றார். ஜார்ஜியாவில் அக்கட்சிக்குத் தலைமை தாங்கிய டாம் வாட்சன், வெள்ளை உழவரையும் கறுப்பு உழவரையும் பிரித்து வைப்பதே இருவரின் வருவாயையும் தனித்தனியே பறிப்பதற்காகத்தான் என்று வெளிப்படையாகப் பேசினார். அக்காலத் தெற்கில் ஒரு வெள்ளை அரசியலாளர் அதைப் பேசியது பெரும் துணிவு.

இந்நிலையில்தான் 1893ஆம் ஆண்டின் நிதி நெருக்கடி வந்தது. பிப்ரவரியில் பிலடெல்பியா ரெடிங் இருப்புப்பாதை நிறுவனம் திவாலானது. ஆண்டு முடிவதற்குள் நூற்றுக்கணக்கான வங்கிகளும் ஆயிரக்கணக்கான தொழில் நிறுவனங்களும் கதவடைத்தன. இவ்விடத்தில் இந்தியாவும் அமெரிக்க அரசியலுக்குள் நுழைகிறது. உலகில் வெள்ளியைப் பெருமளவில் நாணயமாக்கி வந்த நாடுகளுள் இந்தியா தலையாயது. கல்கத்தா, பம்பாய் நாணயச் சாலைகளுக்கு யார் வெள்ளியைக் கொண்டுசென்றாலும் ரூபாயாக அடித்துத் தந்துவந்தனர். வெள்ளியின் விலை இறங்க இறங்க ரூபாயின் மதிப்பும் இறங்கி, லண்டனுக்குப் பொன்னில் செலுத்த வேண்டிய தொகைகளுக்காக இந்திய அரசு மேலும் மேலும் ரூபாயைத் திரட்ட நேர்ந்ததால், 1893 சூன் 26 அன்று அச்சாலைகள் பொதுமக்களின் வெள்ளிக்கு மூடப்பட்டன. செய்தி எட்டியவுடன் உலகச் சந்தையில் வெள்ளி விலை மேலும் சரிந்து, கொலராடோவின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. நான்கே நாள்களில், சூன் 30 அன்று, ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாந்து நாடாளுமன்றத்தின் சிறப்புக் கூட்டத்துக்கு அழைப்பு விடுத்தார். மாதந்தோறும் அரசு வெள்ளி வாங்க வேண்டும் என்ற 1890ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்குவதே அதன் நோக்கம்.

கிளீவ்லாந்து நேர்மையானவர் என்பதில் ஐயமில்லை. தங்கத் திட்டம் குலைந்தால் நாட்டின் நாணயமே குலைந்துவிடும் என்று அவர் மனமார நம்பினார். ஆனால் வேலையிழந்து வீதியில் நின்றவருக்கு அந்த நாணயம் எதைத் தந்தது? வேலையற்றோருக்குச் சாலைப் பணி தருமாறு கேட்டு 1894இல் ஒகையோவிலிருந்து தலைநகருக்கு நடந்துவந்த ஜேக்கப் காக்ஸி, நாடாளுமன்றக் கட்டடத்தின் புல்தரையை மிதித்த குற்றத்துக்காகக் கைது செய்யப்பட்டார். அதே கோடையில் சிகாகோவில் புல்மன் ரயில்பெட்டி நிறுவனத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை ஒடுக்க, மாநில ஆளுநரின் எதிர்ப்பையும் மீறிக் கூட்டரசின் படை அனுப்பப்பட்டது. தொழிற்சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸ் சிறையில் அடைக்கப்பட்டார். அரசின் பொன் கையிருப்பு வறண்டபோது, 1895 பிப்ரவரியில் ஜே. பி. மார்கனும் இளைய பெல்மான்ட்டும் சேர்ந்த வங்கியாளர் குழுவிடம் கடன் பத்திரங்களை விற்று அரசு பொன் வாங்கியது. குழுவோ நல்ல லாபம் பார்த்தது. நான்காயிரம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு நூற்றுக்கு இரண்டு என்று 1894இல் விதிக்கப்பட்ட சிறு வருமான வரியையும், அடுத்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் செல்லாது என்று தள்ளியது. ஏறத்தாழ ஓராண்டில் நிகழ்ந்த இவை அனைத்தையும் சேர்த்துப் பார்த்த சாதாரண வாக்காளர், அரசின் மூன்று உறுப்புகளும் ஒரு வகுப்பின் கையில் உள்ளன என்ற முடிவுக்கு வந்ததை மிகை என்று ஒதுக்க இயலாது.

1896 சூன் மாதம் செயின்ட் லூயிஸ் நகரில் கூடிய குடியரசுக் கட்சி மாநாடு, தங்கத் திட்டத்தை ஏற்று, காப்பு வரியின் மறுபெயராகவே அறியப்பட்ட ஒகையோவின் முன்னாள் ஆளுநர் வில்லியம் மெக்கின்லியை வேட்பாளராக நிறுத்தியது. கொலராடோவின் ஹென்றி டெல்லர் முதலிய வெள்ளி மாநிலப் பிரதிநிதிகள் வெளியேறினர். சூலையில் சிகாகோவில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாடு செய்தது இன்னும் வியப்பானது. பதவியில் இருந்த தன் சொந்தத் தலைவரைப் பாராட்ட மறுத்தது. பதினாறு அவுன்சு வெள்ளி ஓர் அவுன்சு பொன்னுக்குச் சமம் என்ற பழைய விகிதத்தில் வெள்ளியைத் தடையின்றி நாணயமாக்க வேண்டும் என்றது. வருமான வரியைத் தள்ளிய தீர்ப்பைக் கண்டித்தது. சூலை 9 அன்று மேடையேறிய நெப்ராஸ்காவின் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனுக்கு அப்போது வயது 36. குடியரசுத் தலைவராக அரசமைப்பு கேட்கும் வயது 35. பெரிய நிறுவனத்தின் தலைவரைப் போலவே கூலி வாங்கும் தொழிலாளியும், சிற்றூர் வழக்கறிஞரும், காலையில் வயலுக்குச் சென்று மாலைவரை உழும் விவசாயியும், நிலத்துக்கடியில் இறங்கும் சுரங்கத் தொழிலாளியும் தொழில் செய்பவர்களே என்று அவர் வாதிட்டார். அரசைப் பற்றி இரு கொள்கைகள் உள்ளன என்றார்: செல்வரை வளப்படுத்தினால் அவ்வளம் கீழே கசிந்து வரும் என்பது ஒன்று, பெருந்திரளான மக்களை வளப்படுத்தினால் அது மேலே உள்ள ஒவ்வொரு வகுப்புக்கும் ஏறிச் செல்லும் என்பது மற்றொன்று. இன்றுவரை அந்நாட்டில் நடக்கும் வரிவிதிப்பு வாதங்கள் அனைத்தும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கும். மனிதகுலத்தைப் பொன் சிலுவையில் அறையக் கூடாது என்ற உருவகத்தோடு கைகளை விரித்து நின்று அவர் முடித்தபோது மண்டபம் அதிர்ந்தது. மறுநாள் ஐந்தாம் சுற்று வாக்கெடுப்பில் வேட்பாளரானார்.

மக்கள் கட்சியும் சில நாள்களில் பிரையனையே ஏற்றது. அதன் தனி வாழ்வு அத்தோடு ஏறத்தாழ முடிந்தது. ஒமாகாவில் அறிவித்த விரிந்த திட்டத்தில் இருப்புப்பாதையும் வங்கியும் வரியும் பின்னுக்குப் போய், வெள்ளி ஒன்றே முன்னின்றது. சீர்திருத்த எழுத்தாளர் ஹென்றி டெமரஸ்ட் லாய்ட், பிற பறவை கட்டிய கூட்டில் முட்டையிடும் பறவைக்கு வெள்ளிக் கோரிக்கையை ஒப்பிட்டார். அவர் சொன்னது சரி. சந்தையில் ஏறத்தாழ முப்பது அவுன்சு வெள்ளி கொடுத்தால்தான் ஓர் அவுன்சு பொன் கிடைத்தது. பதினாறு என்று சட்டம் கூறினால் விலைகள் ஏறும், கடன் இலகுவாகும், ஆனால் ஊர் வணிகரின் கணக்குப் புத்தகமும் இருப்புப்பாதையின் கட்டண அட்டவணையும் அப்படியே இருக்கும். பிரையனின் தேர்தல் நிதியில் பெரும்பகுதி மேற்கின் வெள்ளிச் சுரங்க முதலாளிகளிடமிருந்து வந்தது. அவரோடு துணைத் தலைவர் பதவிக்கு நின்ற ஆர்தர் சியூவால், மெய்ன் மாநிலத்தின் செல்வமிக்க கப்பல் கட்டும் தொழிலதிபர், வங்கியாளரும்கூட. கடனாளிகளின் அணியிலும் செல்வர் இருந்தனர் என்பதை மறைப்பதில் பயனில்லை.

மறுபக்கத்தில் மார்க் ஹன்னா இருந்தார். கிளீவ்லாந்து நகரில் நிலக்கரி, இரும்பு, கப்பல் தொழில்களில் பொருளீட்டிய இவர், மெக்கின்லியிடம் உண்மையான அன்பு வைத்தவர். நண்பர் ஒருவரின் கடனுக்குப் பிணை நின்று 1893இல் மெக்கின்லி நொடித்தபோது, அக்கடனைத் தீர்க்க முன்வந்தவர்களுள் ஒருவர். கேலிச்சித்திரக்காரர்கள் டாலர் குறிகள் பதித்த உடையில் அவரைக் கொடியவராக வரைந்தனர், ஆனால் அவர் செய்த புதுமை கொடுமையைவிட முக்கியமானது. அதுவரை கட்சி நிதி என்பது அரசுப் பதவி பெற்றவர்களிடம் திரட்டும் தண்டலாகவும் செல்வர் மனமுவந்து தரும் கொடையாகவும் இருந்தது. ஹன்னா அதை ஒரு வரியைப் போல விதித்தார். வங்கிகள் தம் மூலதனத்தில் நூறு டாலருக்குக் கால் டாலர் வீதம் தர வேண்டும் என்று கணக்கிட்டுக் கேட்கப்பட்டன. ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் மட்டும் இரண்டரை லட்சம் டாலர் தந்தது. ஏறத்தாழ 35 லட்சம் டாலர் திரண்டது. பிரையனிடம் இருந்தது அதில் ஒரு சிறு பங்கு. இருபது கோடிக்கும் மேற்பட்ட துண்டு வெளியீடுகள் ஜெர்மன், சுவீடிஷ், இத்தாலியன், யிட்டிஷ் உள்ளிட்ட பல மொழிகளில் அச்சாயின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேச்சாளர்கள் கூலிக்கு அமர்த்தப்பட்டனர். பிரையன் ரயிலேறி 18,000 மைல் சுற்றி ஏறத்தாழ 600 கூட்டங்களில் பேசியபோது, மெக்கின்லி கான்டன் நகரில் தம் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்கவில்லை. இருப்புப்பாதை நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைத்ததால், ஏழரை லட்சம் பேர் அத்திண்ணைக்கு வந்து அவர் பேச்சைக் கேட்டுச் சென்றனர். வழக்கமாக ஜனநாயகக் கட்சிக்கு நிதி தந்த நியூயார்க் வங்கியாளர்கள் ஒன்று மெக்கின்லிக்குத் தந்தனர், அன்றேல் தங்கத் திட்டத்தை ஆதரித்துப் பிரிந்துபோன சிறு ஜனநாயகக் குழுவுக்குத் தந்தனர். இரு கட்சிகளிலும் பரந்து கிடந்த பெருஞ்செல்வம் ஒரே இலையுதிர் காலத்தில் ஒரு கட்சிக்குள் ஒதுங்கிய நிகழ்ச்சி இதுவே.

நவம்பர் 3 அன்று வாக்குரிமை பெற்றோரில் ஐவரில் நால்வர் அளவுக்கு வாக்களித்தனர். மெக்கின்லிக்கு 71 லட்சம், பிரையனுக்கு 65 லட்சம். மாநிலவாரியான தேர்வாளர் வாக்குகளில் 271க்கு 176. நாட்டின் படம் இரண்டு நிறங்களாகப் பிரிந்தது: தெற்கும், சமவெளியில் பெரும்பகுதியும், மலை மாநிலங்கள் அனைத்தும் பிரையனுக்கு, வடகிழக்கும் ஏரிக்கரை மாநிலங்களும் முழுமையாக மெக்கின்லிக்கு. ஜனநாயகக் கட்சியின் கோட்டையான நியூயார்க் நகரமே மெக்கின்லியின் பக்கம் சாய்ந்தது. சிகாகோவும் பாஸ்டனும் அவ்வாறே. கூலி வாங்குவோர் செறிந்த எந்தப் பெரிய தொழில் மாநிலத்தையும் பிரையன் வெல்லவில்லை.

தொழிலாளர் ஏன் வரவில்லை? அச்சுறுத்தல் நடந்தது என்பது உண்மை. பிரையன் வென்றால் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளிகள் சொன்னதாகப் பல ஊர்களிலிருந்து புகார்கள் எழுந்தன. ஆனால் அதற்குள் பெரும்பாலான மாநிலங்களில் மறைவாக்கு முறை வந்துவிட்டதால், அச்சுறுத்தல் ஒன்றையே காரணமாக்கி நிறுத்திக்கொள்வது போதாது. உண்மையான காரணம் கணக்கிலேயே இருந்தது. விவசாயி பொருளை விற்பவர், அவருக்கு விலை ஏற வேண்டும். ஆலைத் தொழிலாளி உழைப்பை விற்று ரொட்டியை வாங்குபவர், அவருக்கு ரொட்டி விலை இறங்க வேண்டும். டாலரின் மதிப்பு குறைந்தால் கடைக்காரர் அன்றே விலையை உயர்த்துவார், முதலாளி கூலியை உயர்த்த எத்தனை வேலைநிறுத்தங்கள் வேண்டும் என்பதைப் புல்மன் தொழிலாளர் அறிவர். இந்த ஐயத்துக்குப் பிரையனிடம் தெளிவான விடை இல்லை. காப்பு வரியோ, ஆலை ஓடினால்தான் கூலி என்ற எளிய வாக்கியமாக மெக்கின்லியிடம் இருந்தது. ஆலைகள் நின்றதும் ஜனநாயகக் கட்சி ஆட்சியில்தான். இவற்றோடு, புரொட்டஸ்டன்ட் பிரசங்கியின் நடையில் அமைந்த பிரையனின் பேச்சு, கத்தோலிக்கரும் ஜெர்மானிய லூத்தரன்களுமான நகரத் தொழிலாளர் காதில் அயலாகவே ஒலித்தது. கிழக்கு மாநிலங்களை எதிரியின் நாடு என்னும் பொருள்படப் பேசியதும் அவருக்கு உதவவில்லை. பிரையனை ஆதரித்த டெப்ஸ் அடுத்த ஆண்டே இரு கட்சிகளையும் கைவிட்டுச் சோசலிசத்தின் பக்கம் சென்றார். உழைப்பவர்களில் ஒரு பாதியின் நலன் மறு பாதியின் நலனோடு மோதும் ஒரு கோரிக்கையைச் சுற்றி வர்க்க ஒற்றுமையைக் கட்ட முயன்றதே 1896ஆம் ஆண்டின் பெரும்பிழை என்று கருத இடமுண்டு. அப்பிழைக்கு விலையாக அடுத்த 36 ஆண்டுகளில் எட்டு ஆண்டுகள் மட்டுமே ஜனநாயகக் கட்சியினர் ஒருவர் குடியரசுத் தலைவராக இருந்தார்.

வெள்ளிக் கோரிக்கை விரைவில் பொருளிழந்தது. தென்னாப்பிரிக்காவிலும் கிளாண்டைக்கிலும் புதிய பொன் கிடைத்தது. தாதுவிலிருந்து பொன்னைப் பிரிக்கச் சயனைடு முறை பரவியது. பணம் பெருகி விலைகள் ஏறின. 1900இல் தங்கத் திட்டம் சட்டமாயிற்று. ஆனால் ஒமாகாவின் மற்ற கோரிக்கைகள் சாகவில்லை. அஞ்சலகச் சேமிப்பு வங்கிச் சட்டம் 1910இல் வந்தது. வருமான வரியும் செனட் சபைக்கு நேரடித் தேர்தலும் 1913இல் அரசமைப்புத் திருத்தங்களாயின. அவற்றுள் இரண்டாவது நிறைவேறியதைச் சான்றளித்து ஒப்பமிட்டவர், அப்போது வெளியுறவுச் செயலராயிருந்த பிரையனே. கூட்டரசுத் தேர்தல்களில் நிறுவனங்கள் பணம் தருவதைத் தடைசெய்யும் சட்டம் 1907இல் பிறந்தது. அதைக் கொண்டுவந்த தென் கரோலினாவின் செனட்டர் பென் டில்மன், சிகாகோ மாநாட்டில் வால் ஸ்ட்ரீட்டைச் சாடியவர்களுள் முதன்மையானவர்.

அதே டில்மன்தான் 1895இல் தம் மாநிலத்தின் புதிய அரசமைப்பின் வழியாகக் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறிக்கத் தலைமை தாங்கினார், அதைப் பற்றிப் பெருமையும் பேசினார். செல்வத்தின் ஆதிக்கத்தை எதிர்க்கும் குரலும் நிறவெறியும் ஒரே மனிதரிடம் குடியிருக்க முடிந்தது என்பது தெற்கின் வரலாற்றில் மிகக் கசப்பான உண்மை. வட கரோலினாவில் மக்கள் கட்சியும் குடியரசுக் கட்சியும் சேர்ந்து 1894இல் சட்டமன்றத்தை வென்றபோது, ஏழை வெள்ளையரும் கறுப்பினத்தாரும் ஒரே அணியில் ஆள முடியும் என்று காட்டப்பட்டது. நான்கு ஆண்டுகளில் அதற்கு விடை வந்தது: 1898 நவம்பர் 10 அன்று வில்மிங்டன் நகரில் ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கூட்டம் கறுப்பினத்தாரைக் கொன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சியைத் துரத்திவிட்டுப் பதவிகளைக் கைப்பற்றியது. டாம் வாட்சனும் நெடுநாள் நிலைக்கவில்லை. பிற்காலத்தில் அவரே கறுப்பினத்தார் மீதும் கத்தோலிக்கர் மீதும் யூதர் மீதும் வெறுப்பைப் பரப்பும் எழுத்தாளராகச் சீரழிந்தார்.

மிசிசிப்பி 1890இல் காட்டிய வழியில் தெற்கின் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைவரியும் எழுத்தறிவுத் தேர்வும் விதித்தன. வாக்களிக்க விரும்பும் ஒவ்வொருவரும் முன்கூட்டியே கட்ட வேண்டிய கட்டணமே தலைவரி. லூசியானாவில் 1896இல் 1,30,334 ஆக இருந்த கறுப்பின வாக்காளர் எண்ணிக்கை 1904இல் 1,342 ஆயிற்று. ஏழை வெள்ளையரும் பெருந்தொகையாகப் பட்டியலிலிருந்து மறைந்தனர். பிரையனின் கட்சி என்று உழவர் நம்பிய ஜனநாயகக் கட்சி, தெற்கில் உழவரின் வாக்கே தேவைப்படாத கட்சியாக மாறியது. அலபாமாவின் 1901ஆம் ஆண்டு அரசமைப்பு தலைவரியை ஆண்டுக்கு ஒன்றரை டாலர் என்று வைத்தது. கட்டாத ஆண்டுகளின் நிலுவை சேர்ந்துகொண்டே போய் 36 டாலர் வரை ஏறும், நிலுவை முழுவதையும் தீர்த்தால்தான் வாக்களிக்கலாம். அன்றைய விலையில் 36 டாலர் என்பது ஏறத்தாழ ஒரு முழுப் பொதிப் பருத்தி. அவ்வரி கூட்டரசுத் தேர்தல்களில் 1964இலும் மாநிலத் தேர்தல்களில் 1966இலும்தான் ஒழிந்தது.